ஸ்டூரோ, ஸ்டூரோ, ரோசன்ஹோவ்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் வந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் விட்டேன், வந்தது.

2008 ஒக்டோபர், ஒரு செவ்வாய்க்கிழமை. ஒஸ்லோ டிராமின் முன் இருக்கையில் இருந்து ரோசன்ஹோவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாரதியின் அறைக் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் முணுமுணுத்தது: "ஸ்டூரோ, ஸ்டூரோ, ரோசன்ஹோவ், ரோசன்ஹோவ்." கூடவே விரல்கள் எதையோ தட்டின. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ரோசன்ஹோவ் முதலில், ஸ்டூரோ பிறகு என்பது பயணிக்கே தெரியும். ஸ்டூரோவை இரண்டு தடவை சொல்லும் சாரதிக்குத் தடம் மறந்துபோனதா என்று யோசித்துக்கொண்டே என்னுடைய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டேன்.

கடைசி நிறுத்தத்தில் அவர் வெளியே வந்தார். நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதிருக்கும். சீருடை, ஒற்றை மூக்குத்தி.

"என்ன அண்ணை, இறங்கேல்லையோ? இதுக்கு அங்காலை தண்டவாளம் இல்லை."

பெயர் சிறிதேவி. அடுத்த ஓட்டத்துக்கு அவருக்கு ஐந்து நிமிடம் இருந்தது. நான் கேட்டதற்கு அந்த ஐந்து நிமிடத்தில் முழுக் கதையையும் சொன்னார், முடிவைத் தவிர. முடிவைக் கேட்டபோது மணிக்கூட்டைப் பார்த்தார்.

அதன்பின் அதே தடத்தில் ஏழு தடவை போய் வந்தேன். நான் எழுதியதை அவரிடமே வாசிக்கக் கொடுத்ததுதான் நான் செய்த பெரிய பிழை. ஏனென்று போகப்போகத் தெரியும்.

2

எங்கள் புடவைக் கடையில் முதல் சேலையை விற்பதற்காக விரிப்பதில்லை. இரண்டாவது சேலை நன்றாகத் தெரிவதற்காக விரிப்பார்கள். கதையின் தொடக்கமும் அப்படித்தான். இதோ முதலாவது:

"குரோருட்டின் குன்றுகளின்மேல் அந்திச் சூரியன் தன் பொற்கதிர்களை——"

வேண்டாம். சுருட்டி வைக்கிறேன். இரண்டாவது:

"பவேரிய மலையடிவாரத்தின் இசையும் யாழ்ப்பாணத்து மிருதங்கமும் சந்தித்தபோது, இரு பண்பாடுகளின்——"

இதைப் படித்ததும் சிறிதேவி சொன்னது: "அண்ணை, இது கலைவிழா மலருக்குக் குடுக்கிற கட்டுரை மாதிரிக் கிடக்கு. நாங்கள் சந்திக்கேல்லை. சண்டை பிடிச்சனாங்கள்."

சரி. சண்டையிலிருந்தே தொடங்கலாம்.

3

ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் சிறிதேவி குடியிருக்கும் அடுக்குமாடிக்கு ஒரு குடியிருப்போர் சங்கம் உண்டு. சங்கத்துக்கு ஒரு நிர்வாகக் குழு, குழுவுக்குத் தலைவி, தலைவியிடம் ஒரு சாவி. கீழ்த்தளத்துப் பொது அறையின் சாவி. தலைவியின் பெயர் குன்வோர். வெள்ளை மயிர், கழுத்தில் தொங்கும் கண்ணாடி, வீட்டு விதிகள் அத்தனையும் மனப்பாடம்.

வீட்டு விதி ஒன்று: வீட்டுக்குள் மேளம் எதுவும் அடிக்கக் கூடாது. ஆகவே சிறிதேவி தன்னுடைய மிருதங்க வகுப்பைப் பொது அறையில் நடத்தினார். பிள்ளைகள் பதினொரு பேர். டிராம் வேலை மாறிமாறி வருவதால் அவருக்கு நிச்சயமாகக் கிடைக்கும் நேரம் ஒன்றே ஒன்று: சனிக்கிழமை மாலை நான்கு முதல் ஆறு வரை. ஆறுக்குப் பிறகு எந்த வாத்தியமும் கூடாது என்பது விதி இரண்டு. நான்குக்கு முன் அந்த அறையில் யாராவது ஒரு குழந்தைக்குக் கட்டாயம் பிறந்தநாள் இருக்கும். அது விதியில்லை, ஆனால் விதியைவிட உறுதியானது.

அந்த ஏப்ரலில் மூன்றாம் மாடிக்கு ஹோர்ஸ்ட் என்ற ஜெர்மன்காரர் குடிவந்தார். வந்த மூன்றாம் நாளே பொது அறைக்கு விண்ணப்பம் எழுதினார். சனிக்கிழமை, நான்கு முதல் ஆறு வரை. அவருடைய வாத்தியக் கூட்டாளி அலோய்ஸ் பக்கத்து நகரமான ட்ராமனிலிருந்து வர வேண்டும். சனிக்கிழமை தவிர வேறு நாளில் முடியாது.

குன்வோர் இருவரையும் கூப்பிட்டு நோர்வேக்காரர்களுக்கே உரிய தீர்ப்பைச் சொன்னார்: நீங்களே பேசி முடிவெடுங்கள். மே மாதம் முடிவதற்குள் முடிவு வராவிட்டால் அந்த அறையில் இருவருக்குமே வாத்தியம் கிடையாது.

பதினொரு பிள்ளைகளுக்கும் வேறு இடம் இல்லை. சிறிதேவி பல பள்ளிக்கூடங்களுக்கு எழுதிப் பார்த்து ஓய்ந்துவிட்டார். அறை போனால் வகுப்பு போயிற்று. இந்தக் கதையில் ஆபத்து அவ்வளவுதான். துப்பாக்கி கிடையாது. எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே இறங்கிக்கொள்ளலாம், கதவு திறந்திருக்கிறது.

4

இந்த ஹோர்ஸ்டைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. நான் அவரைப் பார்த்ததே இல்லை. பார்க்காத சரக்குக்கு வர்ணனை சொல்வது எங்கள் தொழிலில் புதிதல்ல. ஆகவே முதல் பிரதியில் அவருக்குத் தோல் அரைக்காற்சட்டையும் இறகு வைத்த தொப்பியும் பீர் தொப்பையும் கொடுத்திருந்தேன்.

"அந்த மனிசன் லிஃப்ட் திருத்திறவர், அண்ணை," என்றார் சிறிதேவி. "நீலச் சட்டை. ஒல்லி. பீர் குடிச்சதை நான் காணேல்லை. காற்சட்டையைக் கழட்டுங்கோ."

"கழட்டினால்——"

"நீளக் காற்சட்டை போட்டு விடுங்கோ எண்டுறன்!"

தொப்பியை மட்டுமாவது விடுங்கள் என்று பேரம் பேசினேன். தொப்பி உண்டு, ஆனால் ஹோர்ஸ்டின் தலையில் இல்லை என்றார். அவர்களிடம் ஓர் ஆளுயரத் தடி இருந்ததாம். தகர டப்பா, சலங்கை, தாளத் தட்டு, முறுக்கிக் கட்டிய ஒரு கம்பி எல்லாம் அதில் பூட்டி, உச்சியில் மரத்தில் செதுக்கிய பல்லிளிக்கும் தலை. நிலத்தில் குத்தினால் தெருவே எழும்பும். ஜெர்மன் மொழியில் அதற்குப் பேயின் பிடில் என்று பெயர். தொப்பி போட்டிருந்தது அந்தப் பேய்தான். ஆக, தொப்பி மிஞ்சியது.

ஹோர்ஸ்ட் வாசித்தது பொத்தான் வைத்த ஆர்மோனியம். நெஞ்சில் மாட்டிக்கொள்வது. நம்முடைய ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரே சுரம்தான். இதில் துருத்தியைத் தள்ளும்போது ஒரு சுரம், இழுக்கும்போது அதே பொத்தானில் வேறு சுரம்.* அலோய்ஸ் வாசித்தது ஒரு பெட்டி நிறையக் கம்பிகள். அதை இரண்டு சின்னச் சுத்தியல்களால் தட்ட வேண்டும். அதன் ஜெர்மன் பெயரை அப்படியே தமிழில் சொன்னால், கொத்துகிற பலகை. சமையலறையில் இறைச்சி கொத்துகிறோமே, அதே பலகை.

சிறிதேவியின் கணவர் ஸ்ரீஸ்கந்தராசா இதைக் கேட்டதும் தீர்ப்பெழுதிவிட்டார்: "இஞ்சேர் தேவி, அப்ப அது கொத்துறொட்டி வாத்தியம். உவங்களோடை உனக்கென்ன சண்டை? ஒரு சட்டி றால் கறி கொண்டுபோய்க் குடு, அறையை விடுவாங்கள்."

"நீங்கள் சும்மா இருங்கோ. கறியும் போய் அறையும் போகும்."

(* எனக்கு இந்த வாத்தியம் உடனே பிடித்துப்போனது. வாங்கும்போது ஒரு விலை, விற்கும்போது வேறு விலை, பொத்தான் ஒன்றே. இதை வியாபாரி அல்லாத ஒருவன் கண்டுபிடித்தான் என்றால் நான் நம்ப மாட்டேன்.)

5

பேச்சு வார்த்தை. இதற்கு முன் ஓர் இலக்கணச் சிக்கல்.

இருவரும் பேசியது நோர்வேஜிய மொழி. இருவருக்குமே அது வாடகை வீடு. ஆணி அடிக்கப் பயந்துகொண்டு இருப்பார்கள். தமிழில் நீ, நீங்கள் உண்டு. ஜெர்மனிலும் உண்டு. நோர்வேஜிய மொழியில் மன்னனைத் தவிர எல்லோரும் நீ. முன்பின் தெரியாத ஆம்பிளையை முதல் நாளே நீ என்று கூப்பிடுவதில் தனக்கு ஒரு தனி ருசி இருந்ததாகச் சிறிதேவி ஒப்புக்கொள்கிறார். ஆனால் தமிழில் அப்படியே எழுதினால் என் வாசகர்கள் அவரை வாய்க்காரி என்பார்கள். ஆகவே இப்போதைக்கு நீங்கள் போடுகிறேன்.

"ஆளுக்கு ஒரு மணித்தியாலம்," என்றார் சிறிதேவி.

"அலோய்ஸ் வரவும் போகவும் இரண்டு மணி நேரம். ஒரு மணி நேரத்துக்காக வர மாட்டார்."

"எனக்குப் பதினொரு பிள்ளைகள். ஒரு மணித்தியாலத்தில் மிருதங்கத்தைச் சுதி சேர்க்கவே காணாது."

"அப்படியென்றால் ஏன் ஆளுக்கு ஒரு மணித்தியாலம் என்றீர்கள்?"

பேரத்தில் முதலில் கேட்பது வாங்குவதற்காக அல்ல என்று இந்த மனிதருக்கு எப்படி விளக்குவது?

ஹோர்ஸ்ட் சிரித்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. பிறகு ஒரு யோசனை சொன்னார். அவருடைய ஊர்ப்பக்கம், பவேரியாவின் மேல் பலாட்டினாத்தில், ஸ்வீஃபாஹர் என்றொரு ஆட்டம் உண்டு. வால்ட்ஸ் நடனத்தின் மூன்று எண்ணிக்கையும் சாதா இரண்டு எண்ணிக்கையும் மாறிமாறி வரும். வெளியூர்க்காரர் ஆடினால் தங்கள் காலைத் தாங்களே மிதிப்பார்கள். இருபது வருடத்தில் ஒரு நோர்வேக்காரர்கூட அதில் தாளம் பிழைக்காமல் தட்டியதில்லை.

"ஒரு பாட்டு. நான் நிறுத்தும்வரை நீங்கள் பிழையில்லாமல் கைதட்டினால் சனிக்கிழமை உங்களுடையது. பிழைத்தால் என்னுடையது."

இருபத்தைந்து வருடமாக மிருதங்கம் அடிக்கும் பெண்ணிடம் தாளத்தில் பந்தயம். சிறிதேவிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. முகத்தில் காட்டவில்லை. "மூன்று தரம் விட வேணும்," என்றார்.

"ஒன்று."

"மூன்று."

"இரண்டு."

"இரண்டு. ஆனால் இரண்டு தரமும் அதே பாட்டு."

"சரி. ஆனால் பாட்டு எத்தனை சுற்று என்பது என் இஷ்டம்."

"ஓம்," என்றார் சிறிதேவி. தமிழிலேயே சொல்லிவிட்டார். அவ்வளவு சந்தோசம்.

(வாசகரே, அந்தக் கடைசி நிபந்தனையில் ஒரு தடவை விரலை வைத்துப் பாருங்கள். சிறிதேவி வைக்கவில்லை.)

6

முதல் தடவை. மே மாதத்து இரண்டாம் சனி. பதினொரு பிள்ளைகளும் சுவரோரம். நடுவராகக் குன்வோர், கையில் சாவி.

ஹோர்ஸ்ட் துருத்தியை இழுத்தார். அலோய்ஸ் கொத்தினார். சிறிதேவி கண்ணை மூடிக் கேட்டார். இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று. மறுபடி இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று. கூட்டினால் பத்து. அட, இவ்வளவுதானா! பத்தில் ஒரு சுற்று, பதினோராவதில் சமம், மறுபடி முதல் அடி. நம்மிடம் பாட்டென்றால் தாளம் ஒரு வட்டம். எங்கே சுற்றினாலும் வீட்டுக்கு, அதாவது சமத்துக்கு, திரும்பி வந்தாக வேண்டும். அவருடைய கை தொடையில் விழுந்தது. முகத்தில் சிரிப்பு. பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணடிக்கக்கூடச் செய்தார்.

மூன்றாவது வரியில் கை விழுந்த இடத்தில் பாட்டு இல்லை.

இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று, மூன்று. பிறகு இன்னொரு மாதிரி. வீதியில் படி இருக்கிறதென்று காலை வைத்து, படி இல்லாமல் தடுக்குமே, அப்படி.

"ரீச்சர், அவர் அளாப்புறார்!" என்று கத்தினாள் பத்து வயது ஜெனிதா. விளையாட்டில் கள்ளம் செய்வதற்கு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் சொல் அது. ஒஸ்லோவில் பிறந்த பிள்ளை, ஆத்திரத்தில் தமிழ் வந்துவிட்டது.

அளாப்பவில்லை. பாட்டே அப்படித்தான். ஹோர்ஸ்ட் விளக்கினார்: இதற்கு ஒழுங்கு கிடையாது, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி. ஊரில் யாரும் எண்ணுவதில்லை. பாட்டின் சொற்களை நினைவில் வைத்துக்கொண்டு ஆடுவார்கள்.

சிறிதேவியின் முகம் எப்படி இருந்தது என்று ஒரு பந்தி எழுதியிருந்தேன். "அதை எடுங்கோ," என்றார். எடுத்துவிட்டேன். பதிலுக்கு, ஆறு மணிவரை அவர் மிருதங்கத்தை உறையிலிருந்து எடுக்கவேயில்லை என்பதைச் சொல்ல அனுமதித்தார்.

7

ஜெனிதாவின் கைத்தொலைபேசியில் பாட்டு பதிவாகியிருந்தது. அடுத்த இரண்டு வாரமும் சிறிதேவி அதையே கேட்டார். சமைக்கும்போது, ஓய்வறையில், குளியலறையில். சொற்கட்டு எழுதிப் பார்த்தார். தக தக தகிட தகிட. எழுதினால் சரி, தட்டினால் பிழை. கை தானாகப் பத்தில் போய் விழுந்தது. இருபத்தைந்து வருடமாகச் சமத்தைத் தேடி ஓடிய கை. தேடாதே என்றால் கேட்குமா?

"விடு தேவி," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "உது ஊருக்குத் திரும்பாத தாளம்."

நான் இந்த இடத்தில் அவரை ஒரு பெரிய தத்துவவாதி ஆக்க நினைத்தேன். அந்த வசனத்தைச் சொன்னபோது அவர் தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்ததும் கைவிட்டேன்.

ஆனால் சிறிதேவி அதைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை டிராமை எடுத்துக்கொண்டு போகும்போது, பிஸ்லெட் நிறுத்தத்தில் கதவு மூடும் நேரத்தில் பொறி தட்டியது. திரும்பாத தாளம். இந்தத் தடத்தில் முப்பது நிறுத்தமாவது இருக்கும். அடுத்தது எது என்று அவர் எண்ணுகிறாரா? கணக்குப் போடுகிறாரா? பெயர்கள் வரிசையாக வருகின்றன, கை தானாக வேலை செய்கிறது. பிஸ்லெட், இரண்டு அசை. ரோசன்ஹோவ், மூன்று. ஸ்டூரோ, இரண்டு. ஆடம்ஸ்டுவன், வேகமாகச் சொன்னால் மூன்று.

பாட்டு வட்டம் இல்லை. அது ஒரு தடம்.

அன்று பின்னேரமே, ஒஸ்லோவில் இல்லாத ஒரு டிராம் தடத்தை அவர் போட்டு முடித்தார்:

ஸ்டூரோ ஸ்டூரோ ரோசன்ஹோவ் ரோசன்ஹோவ்
ஸ்டூரோ ஸ்டூரோ ரோசன்ஹோவ் ரோசன்ஹோவ்
பிஸ்லெட் ஆடம்ஸ்டுவன் பிஸ்லெட் ஆடம்ஸ்டுவன் ஆடம்ஸ்டுவன்
ரோசன்ஹோவ் ரோசன்ஹோவ் ஸ்டூரோ

ஒவ்வொரு பெயரின் முதல் அசையிலும் ஒரு தட்டு. நீங்களும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

8

இரண்டாம் தடவை. மே மாதத்துக் கடைசிச் சனி. நான்கே முக்கால். அதே சுவர், அதே பிள்ளைகள், அதே சாவி.

சிறிதேவி கண்ணை மூடவில்லை. டிராம் ஓட்டுகிறவர் கண்ணை மூட முடியாது. உதடு மட்டும் அசைந்தது. முதல் வரி போயிற்று. இரண்டாம் வரி போயிற்று. மூன்றாம் வரி வந்தபோது ஹோர்ஸ்ட் அவர் கையையே பார்த்தார். பிஸ்லெட், ஆடம்ஸ்டுவன், பிஸ்லெட்——கை விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. ஜெனிதா மூச்சுவிட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

ரோசன்ஹோவ், ரோசன்ஹோவ், ஸ்டூரோ. கடைசி நிறுத்தம். சிறிதேவி வென்றுவிட்டார்.

அப்படித்தான் அவரும் நினைத்தார். ஹோர்ஸ்ட் நிறுத்தவில்லை. துருத்தியைத் தள்ளி, முதல் வரியை மறுபடி எடுத்தார். எத்தனை சுற்று என்பது அவர் இஷ்டம், நிபந்தனையில் இருக்கிறது. (அப்போதே விரலை வைக்கச் சொன்னேன்.)

சிறிதேவிக்கு ஒரு கணம் திக்கென்றது. அடுத்த கணம் சிரிப்பு வந்துவிட்டது. கடைசி நிறுத்தத்தில் டிராம் என்ன செய்யும்? வளைந்து திரும்பி, வந்த இடத்துக்கே வரும். கடைசி ஸ்டூரோவுக்குப் பிறகு முதல் ஸ்டூரோ. வட்டம் இருக்கத்தான் செய்தது. பத்தில் அல்ல, நாற்பத்தொன்றில். அவர் தேடிய சமம் நாற்பத்திரண்டாவது அடியில் பல்லிளித்துக்கொண்டு நின்றது.

மூன்றாம் சுற்று. நான்காம் சுற்று. பிள்ளைகள் உதட்டசைவைப் பார்த்துவிட்டார்கள். ஒன்று, இரண்டாகி, பதினொன்றும் சேர்ந்து கத்தத் தொடங்கின: "ஸ்டூரோ! ஸ்டூரோ! ரோசன்ஹோவ்!" ஜெனிதா போய்ப் பேயின் பிடிலைப் பிடித்து நிலத்தில் குத்தினாள். தொப்பி அவள் தலையில் விழுந்தது. அலோய்ஸ் தடுக்கவில்லை, அவருக்கு இரண்டு கையும் கொத்துறொட்டியில்.

ஐந்தே கால். ஐந்தரை. நூறாவது சுற்றோ நூற்றைம்பதாவதோ. இனி "நீங்கள்" தாங்காது. இவ்வளவு தூரம் ஒரே தடத்தில் ஓடியவர்களுக்கு அந்தச் சொல் பெரிய சட்டை மாதிரித் தொளதொளக்கிறது.

"களைச்சுப்போனாய், ஹோர்ஸ்ட்," என்றார் சிறிதேவி, கை நிற்காமல். "நிப்பாட்டன்."

"நான் நிறுத்தினால் நீ வென்றுவிடுவாய்."

"அப்ப நிப்பாட்டாதை. நான் தொடங்கினால் கிறெஃப்சன் கடைசி நிறுத்தம் வரைக்கும் போவன்."

"நீ பிழை விடு. உடனே நிறுத்துகிறேன்."

"அதுக்கு நீ வேறை ஆளைப் பாக்க வேணும்."

இப்படியே ஐந்து ஐம்பது. குன்வோர் எழுந்து கதவருகே போய்ச் சாவியைக் கையில் எடுத்தார். ஆறுக்குப் பிறகு எந்த வாத்தியமும் கூடாது. மே மாதத்தில் இனிச் சனிக்கிழமை இல்லை. முடிவு வராவிட்டால் இருவருக்கும் அறை இல்லை.

9

நான் மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். மூன்றையும் விரித்துக் காட்டுகிறேன், தொட்டுப் பாருங்கள்.

ஒன்று. ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு ஹோர்ஸ்ட் மூச்சு வாங்கி நிறுத்துகிறார். சனிக்கிழமை சிறிதேவிக்கு. நல்ல பட்டு. ஆனால் அலோய்ஸ் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ட்ராமன் ரயிலுக்குப் போகும் காட்சியை யார் எழுதுவது? நான் மாட்டேன்.

இரண்டு. சிறிதேவி வேண்டுமென்றே ஒரு தட்டைத் தவற விடுகிறார். பெருந்தன்மை. இதை வாசித்ததும் அவர் பிரதியையே திருப்பித் தந்தார். "என்னைக் கொன்றாலும் பரவாயில்லை அண்ணை, தாளம் பிழைச்சதெண்டு எழுதாதேங்கோ."

மூன்று. குன்வோர் புன்னகையுடன், "இரண்டு பேரும் சேர்ந்தே வாசிக்கலாமே!" என்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். இதைச் சங்கத்தின் ஆண்டறிக்கைக்கு அனுப்பி வைக்கலாம். சேருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அங்கே பன்னிரண்டு கைத்தட்டுகளும் சுத்தியல்களும் ஒரு பேயும் ஏற்கெனவே ஒரே தடத்தில் ஓடிக்கொண்டிருந்தன. சொல்லியிருந்தால் இருவரும் வெட்கப்பட்டு நிறுத்தியிருப்பார்கள்.

(பன்னிரண்டு? பிள்ளைகள் பதினொன்று, அதில் ஜெனிதா பிடிலோடு. சிறிதேவி ஒன்று. பதினொன்றுதான் வருகிறது. மற்ற ஒன்று யாருடையது என்று நான் கேட்டேன். "குன்வோரின்ரை கையிலை சாவி இருந்தது," என்று மட்டும் சொன்னார் சிறிதேவி. "சாவியும் சத்தம் போடுந்தானே.")

எட்டாவது தடவை நான் அந்த டிராமில் ஏறியது இந்தப் பந்தியை எழுதுவதற்காகத்தான். கடைசி நிறுத்தத்தில் அவர் வெளியே வந்ததும் கேட்டேன்.

"சொல்லுங்கோ தங்கச்சி. ஆர் நிப்பாட்டினது?"

"ஆரும் நிப்பாட்டினதெண்டு நான் எப்ப சொன்னனான்?"

"அறை? சனிக்கிழமை?"

"சனிக்கிழமை சனிக்கிழமைதான் அண்ணை வரும்." மணிக்கூட்டைப் பார்த்தார். "எனக்கு நேரமாச்சு. ஏறுறியளோ, நிக்கிறியளோ?"

ஏறினேன். சாரதி அறைக் கதவு இன்றும் சரியாகச் சாத்தப்படவில்லை.

ஆகவே என்னால் இந்தக் கதைக்கு முற்றுப்புள்ளி வைக்க முடியாது. வைத்தால் அந்த அறையில் யாரோ ஒருவர் நிறுத்தியாக வேண்டும். நிறுத்துகிறவருக்குச் சனிக்கிழமை இல்லை, பிழைக்கிறவருக்கும் இல்லை. ஆறுக்கு இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. தடம் உங்களுக்குத் தெரியும்; ஏழாம் பகுதியில் தட்டிப் பார்த்தீர்கள்தானே? என் கை சோர்ந்துபோயிற்று. நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி வரியில் நிற்கிறோம், துருத்தி இழுபட்டு நிற்கிறது, பதினொரு பிள்ளைகளும் உங்கள் கையைத்தான் பார்க்கிறார்கள்:

ரோசன்ஹோவ் ரோசன்ஹோவ் ஸ்டூரோ, அடுத்து